மருந்தை அளந்த வரலாறு

பெங்களூரில் அல்சூர் ஏரியை அடுத்து மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற் படையின் தலைமையகம் இருக்கிறது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து இப்படையில் சேர்ந்து, பணி முடிந்தபின் பெங்களூரிலேயே குடியமர்ந்த குடும்பங்கள் உண்டு. இரண்டாம் உலகப்போரில் இப்படையினர் பர்மாப் போர்முனையில் பாலம் கட்டினர். காட்டை வெட்டிச் சாலை போட்டனர். அங்கே அவர்கள் எதிர்ப்பட்ட பகைவர் இருவர். ஒருவர் ஜப்பானியர். மற்றொன்று மலேரியா.

அப்போர்முனையில் பதினான்காம் சேனைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஸ்லிம், 1943-ஆம் ஆண்டின் நிலையைத் தம் போர்நினைவு நூலில் கணக்கிட்டுக் காட்டுகிறார். காயமுற்றுப் பின்னே அனுப்பப்பட்ட வீரர் ஒருவருக்கு நோயுற்று அனுப்பப்பட்டவர் 120 பேர் என்பது அக்கணக்கு. மருந்து இல்லாமலில்லை. மெபாக்ரின் என்னும் மஞ்சள் நிற மாத்திரையை நாள்தோறும் விழுங்க வேண்டும் என்பது கட்டளை. ஆனால் அது கசந்தது; தோலை மஞ்சளாக்கியது; ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தி வேறு பரவியது. வாயில் போட்டுக்கொண்டு மறைவில் துப்பியவர் பலர். ஸ்லிம் ஒரு வழி செய்தார். முன்னறிவிப்பின்றி ஒரு படைப்பிரிவு முழுவதையும் சோதிப்பார்கள். ஒவ்வொரு வீரனின் உடலிலும் மருந்து உண்டா என்று பார்ப்பார்கள். நூற்றுக்கு 95 பேரிடமேனும் மருந்து காணப்படாவிட்டால் அப்பிரிவின் தலைவருக்குப் பதவி போய்விடும். மூவரை நீக்கியதோடு காரியம் சீராயிற்று என்று அவர் எழுதுகிறார்.

மருந்து கொடுத்தோம் என்பது ஒன்று. மருந்து இரத்தத்தில் இருக்கிறதா என்பது வேறொன்று. மலேரியாவின் வரலாற்றில் கொசுவைக் கண்டவரையும் கிருமியைக் கண்டவரையும் நாம் அறிவோம். இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்தவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. காய்ச்சல் தணியாதபோது யார்மேல் பழி விழும் என்பதை முடிவு செய்தவர்கள் அவர்களே. நோயாளி மருந்தைத் துப்பினாரா? விழுங்கியும் உடல் அதை ஏற்கவில்லையா? மாத்திரையில் சரக்கே இல்லையா? அல்லது கிருமி மருந்துக்கு அடங்க மறுக்கிறதா? இந்நான்கையும் பிரித்தறிய அளவை தவிர வேறு வழி இல்லை. அளவை இல்லாத காலத்தில் பழி பெரும்பாலும் நோயாளியின் தலையிலேயே விழுந்தது. அவர் ஏழையாகவும் கூலியாளாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கொயினாவிலிருந்து தொடங்குவோம். தென்னமெரிக்க மலைகளில் வளர்ந்த சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-இல் பாரிசில் பெல்லெத்தியே, காவென்தூ என்னும் இருவர் இக்கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1860-க்குப் பின் அம்மரம் நீலகிரிக்கு வந்தது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. பட்டையில் கொயினா எவ்வளவு என்று ஆராய்வதற்கென்றே 1866-இல் ஜான் பிராட்டன் என்னும் இரசாயன அறிஞரை அரசாங்கம் உதகையில் அமர்த்தியது. ஆகவே நம் மலையில், மரப்பட்டையில் உள்ள மருந்தை அளக்கும் கலை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவந்தது. மனித இரத்தத்தில் அதை அளக்கும் கலை அதன்பின் முக்கால் நூற்றாண்டு காத்திருந்தது. பட்டைக்கு விலை உண்டு. ஆதலால் அளந்தார்கள் போலும்!

1892 முதல் வங்காளத்து அஞ்சல் நிலையங்களில் காலணாவுக்குக் கொயினாப் பொட்டலம் விற்றார்கள். மலைத்தோட்டங்களில் காலைப் பெரட்டின்போது தொழிலாளரை வரிசையில் நிறுத்தி வாயில் ஊற்றியதும் உண்டு. அது உடலுக்குள் சென்றபின் என்னவாயிற்று என்பதை மட்டும் எவரும் அறியார்.

இந்த இடத்தில் பெங்களூர் மறுபடி வருகிறது. ரொனால்ட் ராஸ் 1883-இல் இங்கே படைமுகாமின் தற்காலிக மருத்துவராக இருந்தார். தம் பங்களாவில் கொசுத் தொல்லை மிகுந்திருப்பதைக் கண்டு தேடியபோது, சன்னலுக்கு வெளியே நின்ற நீர்த்தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளியக் கண்டார், தொட்டியைக் கவிழ்த்தார், தொல்லை குறைந்தது. 1895-இல் காலராத் தடுப்புப் பணிக்காக அவரை மீண்டும் பெங்களூருக்கு அனுப்பினார்கள். மலேரியா ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தவருக்கு, மலேரியா நோயாளிகள் அதிகம் கிட்டாத இந்நகரம் பெரிய இடையூறாகத் தோன்றியது. 1897 ஏப்ரலில் உதகைக்குச் சென்று சீகூர் மலைச்சரிவில் ஆராய்ந்தபோது, எவ்வளவோ காப்பாக இருந்தும், அவரையே மலேரியா பற்றிக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அது எல்லாரும் அறிந்த கதை.

அறியாத பகுதி அதற்குப் பிந்தியது. ராஸ் அடிப்படையில் ஒரு கணக்கர். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லிவர்பூலில் டேவிட் தாம்சன் என்பவரோடு சேர்ந்து, நோயாளியின் இரத்தத்தில் கிருமிகள் எத்தனை என்று நாள்தோறும் எண்ணினார். எண்ணிக்கை ஏறும்போது காய்ச்சல் ஏறுவதையும், கொயினா கொடுத்தபின் எண்ணிக்கை சரிவதையும் கோட்டுப்படமாக வரைந்தார். நோயின் பக்கம் இவ்வாறு எண் கிடைத்துவிட்டது. மருந்தின் பக்கம் இன்னும் எண் இல்லை. ஒரு தட்டில் மட்டும் படிக்கல் வைத்த தராசு அது.

மற்றத் தட்டுக்கு வழிகாட்டியது கொயினாவின் ஓர் அழகிய இயல்பு. அமிலம் கலந்த நீரில் கொயினாவைக் கரைத்து வெயிலில் பிடித்தால் அதன் மேற்பரப்பில் நீல ஒளி தோன்றும். இதனை 1845-இல் ஜான் ஹெர்ஷல் விவரித்தார். கண்ணுக்குப் புலனாகாத ஊதா கடந்த ஒளியைக் கொயினா வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது என்று 1852-இல் ஸ்டோக்ஸ் விளக்கினார். இவ்வியல்பை ஒளிர்வு என்போம். கொயினா சேர்ந்த டானிக் வாட்டர் புட்டியைக் கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கின்கீழ் வைத்தால் இன்றும் இந்த நீலத்தைக் காணலாம். ஒளி மிகுந்தால் மருந்து மிகுதி. ஒளி குறைந்தால் மருந்து குறைவு.

லண்டன் மருத்துவர் பென்ஸ் ஜோன்சும் அவர் துணைவர் டூப்ரேயும் 1866-இல் இதனைப் பயன்படுத்திக்கொண்டனர். கினிப்பன்றிகளுக்குக் கொயினா கொடுத்து, அது எத்துணை விரைவில் எந்தெந்த உறுப்பை எட்டுகிறது என்று நீல ஒளியைக்கொண்டே தேடினர். ஆனால் ஒரு சிக்கல் குறுக்கிட்டது. கொயினா உண்ணாத விலங்கின் உடலிலும் அதே போன்ற நீல ஒளி சிறிது வந்தது! உயிருடலில் இயல்பாகவே ஒளிரும் பொருள்கள் உண்டு. மருந்தின் ஒளியை உடலின் ஒளியிலிருந்து பிரிக்காதவரை அளவை நம்பத்தக்கதாகாது. இந்த முள்ளைப் பிடுங்க எண்பது ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே எளிய வழி ஒன்று இருந்தது: சிறுநீரில் குறிப்பிட்ட இரசாயனத்தைச் சில துளி விட்டால், கொயினா இருக்கும்போது கலங்கும். முதல் உலகப்போரில் மாசிடோனியாவில் இருந்த பிரெஞ்சுச் சேனையில், 1917-இல் செர்ழான் சகோதரர்கள் இச்சோதனையை நடைமுறைப்படுத்தி, வீரர்கள் மருந்து உண்டார்களா என்று பார்த்தனர். இது ‘ஆம், இல்லை’ என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது.

1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. உலகின் கொயினாவில் மிகப்பெரும்பகுதி ஜாவாத் தோட்டங்களிலிருந்தே வந்தமையால் நேசநாடுகள் திடுக்கிட்டன. மாற்றாக இருந்தது ஜெர்மானியர் 1930-களின் தொடக்கத்தில் உருவாக்கிய மெபாக்ரின் ஒன்றே. அதை எவ்வளவு கொடுப்பது? பழைய முறைப்படி கொடுத்தால் காய்ச்சல் தணிய நாளாகிறது, கொயினாவைப் போல் விரைவில் வேலை செய்வதில்லை என்று மருத்துவர்கள் குறைப்பட்டனர். மருந்தைக் கூட்டினால் வயிறும் மனமும் கலங்கின.

நியூயார்க்கில் கோல்ட்வாட்டர் மருத்துவமனையில் ஜேம்ஸ் ஷானன் என்னும் மருத்துவர் இதற்கு விடை காணும் பொறுப்பை ஏற்றார். அவரிடம் இருந்த பெர்னார்ட் பிராடி, சிட்னி யூடன்ஃபிரெண்ட் இருவரும் 1943-இல் ஒரு முறையை வகுத்து வெளியிட்டனர். மெபாக்ரினும் ஒளிரும் பொருளே. இரத்தநீரோடு, அதனோடு கலவாத வேறொரு திரவத்தைச் சேர்த்துக் குலுக்கினால், மருந்து அத்திரவத்திற்குத் தாவிவிடும். உடலின் பிற பொருள்கள் பெரும்பாலும் பின்தங்கிவிடும். பிரித்தெடுத்ததை மேலும் கழுவித் தூய்மை செய்து, கருவியில் வைத்து ஒளிர்வை அளந்தார்கள். பென்ஸ் ஜோன்சை மயக்கிய போலி ஒளி இவ்வாறு நீங்கிற்று. ஒரு லிட்டர் இரத்தநீரில் சில பத்து மைக்ரோகிராம் அளவு மருந்தையும் அறிய முடிந்தது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறிட்டால் வரும் ஒரு கூறு.

இதில் கைத்திறனும் வேண்டியிருந்தது. இரத்தத்தின் வெள்ளணுக்கள் இம்மருந்தை வாரிச் சேர்த்து வைத்துக்கொள்பவை. இரத்தநீரைப் பிரிக்கும்போது சில வெள்ளணுக்கள் உடன் வந்துவிட்டாலும் அளவு பொய்யாக உயர்ந்துவிடும். ஆகவே இரத்தத்தைக் குலுக்காமல், உடைக்காமல், மீண்டும் மீண்டும் சுழற்றித் தெளியவைத்தார்கள்.

அளந்தபின் புதிர் அவிழ்ந்தது. விழுங்கிய மெபாக்ரின் இரத்தத்தில் தங்குவதில்லை; ஈரல் முதலிய உறுப்புகளுக்குள் ஓடிப் பதுங்கிக்கொள்கிறது. ஈரலில் உள்ள செறிவு, இரத்தநீரில் உள்ளதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. உறுப்புகள் நிறையும்வரை இரத்தத்தில் மருந்து ஏறுவதில்லை. கிருமியோ இரத்தத்தில் இருக்கிறது! வறண்ட ஏரியில் விட்ட வாய்க்கால் நீர் மதகை எட்டப் பல நாள் ஆவது போன்றது இது. வழி எளிதாயிற்று: முதல் நாளில் மிகுதியாகக் கொடுத்து உறுப்புகளை நிரப்பிவிட வேண்டும், பின்னர்ச் சிறு அளவு போதும். காப்புக்காக நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் உண்பவர், மலேரியா நிலத்தில் காலடி வைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். குறை மருந்தில் இல்லை, கொடுத்த முறையில் இருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. இவ்வளவைகளுக்கு இரத்தம் தந்தவர்கள் யார்? அக்கால அமெரிக்கச் சோதனைகளில் மருத்துவமனை நோயாளிகளுக்கும் சிறைக் கைதிகளுக்கும் வேண்டுமென்றே மலேரியா ஏற்றப்பட்டது. இல்லினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறையில் நடந்தது பெயர்பெற்றது. இசைவு பெற்றோம் என்றார்கள். சிறைக்கம்பிக்குப் பின்னால் நிற்பவன் தரும் இசைவு எத்தகையது என்பது நம் ஐயம்.

அளவையின் பெருமையை முழுமையாகக் காட்டுவது ஆஸ்திரேலியப் படையின் கதை. அந்நாட்டின் மருத்துவத் தளபதி நீல் ஹாமில்டன் ஃபேர்லி 1943-இல் குயின்ஸ்லாந்துக் கடற்கரையில் கெய்ன்ஸ் என்னும் ஊரை மையமாகக்கொண்டு ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். படையிலிருந்தே தொண்டர்கள் முன்வந்தனர். நாள்தோறும் ஒரு மெபாக்ரின் மாத்திரை தவறாமல் உண்டு, இரத்தத்தில் உரிய அளவு இருந்தால், மலேரியா தலைகாட்டாது என்று நிலைநாட்டினார். ஆகவே, காய்ச்சல் கண்ட வீரன் மாத்திரை உண்ணாதவன் என்பது படையில் சட்டம்போல் ஆயிற்று.

1945-இல் நியூகினித் தீவின் வடகரையில், ஐத்தாப்பேயிலிருந்து வீவாக்கை நோக்கி முன்னேறிய ஆறாம் டிவிஷனில் மலேரியா திடீரென்று பெருகியது. மேலிடம் சீறியது. ஒழுங்கு கெட்டுவிட்டது, அதிகாரிகள் கண்காணிக்கவில்லை என்று குற்றம் சாட்டினார்கள். மாத்திரையை வாயில் போட்டு விழுங்கும்வரை அதிகாரி நின்று பார்க்க வேண்டும் என்று விதித்தும் நோய் தணியவில்லை. நாங்கள் ஒழுங்காக உண்கிறோம் என்று வீரர்கள் சொன்னதை நம்ப யாரும் இல்லை.

ஃபேர்லி நோயுற்ற வீரர்களைக் கெய்ன்சுக்கு வரவழைத்தார். அவர்களைக் கண்காணிப்பில் வைத்து, அளவாக மருந்து கொடுத்து, இரத்தத்தை அளந்தார். இருக்கவேண்டிய மருந்து இருந்தது, காய்ச்சலும் இருந்தது. அவர்களிடமிருந்து கொசு வழியாகக் கிருமியைப் பெற்ற தொண்டர்களுக்கும், மருந்து நிறைந்த இரத்தத்திலேயே காய்ச்சல் வந்தது. வீரர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நிலப்பகுதியின் ஃபால்சிபாரக் கிருமிகளில் சில, வழக்கமான அளவு மெபாக்ரினுக்கு அடங்காதவையாக மாறியிருந்தன. ஆயிரக்கணக்கானோர்மேல் சுமத்திய பழியைக் குழாயில் எடுத்த சில துளி இரத்தம் துடைத்தது. அளவை இல்லாதிருந்தால் தண்டனைகள் தொடர்ந்திருக்கும். மருந்தை வென்ற கிருமி ஒன்று தோன்றிவிட்டது என்பதை அறிய இன்னும் பல காலம் ஆகியிருக்கும்.

போருக்குப்பின் குளோரோகுயின் வந்து மெபாக்ரினை ஒதுக்கியது. இந்தியா 1953-இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தையும் 1958-இல் ஒழிப்புத் திட்டத்தையும் தொடங்கியது. 1965-ஐ ஒட்டி நோயாளர் தொகை ஓர் லட்சம் அளவுக்கு இறங்கியது. 1976-இல் 64 லட்சமாக ஏறிவிட்டது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை 1973-இல் அஸ்ஸாமின் கார்பி ஆங்லாங் பகுதியில் கண்டார்கள்: அங்கே ஃபால்சிபாரக் கிருமி குளோரோகுயினை எதிர்த்து நின்றது.

ஐத்தாப்பேயில் எழுந்த அதே கேள்வி இப்போது நம் நாட்டுக் குடிசைகளில் எழுந்தது. காய்ச்சல் மீண்டவர் மாத்திரையை முழுக்க உண்டாரா? தேயிலைத் தோட்டத்திலும் காட்டுக் கிராமத்திலும் குளிரூட்டும் பெட்டி ஏது, சுழற்றும் பொறி ஏது? இதற்குக் கண்ட வழி எளிமையிற் சிறந்தது. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் ஒற்றி உலர்த்திவிட்டால் போதும். உறையிலிட்டு அஞ்சலில் தொலைவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். அங்கே தாளை நறுக்கி மருந்தைக் கரைத்து அளக்கலாம். விவாக்ஸ் மலேரியாவில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் குளோரோகுயினும் அதிலிருந்து உடல் உண்டாக்கும் துணைப்பொருளும் சேர்ந்து 100 நானோகிராமுக்கு மேல் இருக்கையில் கிருமியும் உயிரோடிருந்தால், குற்றவாளி கிருமியே என்று இன்று கொள்கிறார்கள். நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடிக் கூறிட்டால் வரும் ஒரு கூறு.

அளவை சமையற்கட்டுக்குள்ளும் புகுந்தது. வடகிழக்கு மாநிலங்களில் 2013 முதல் ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு வழங்கும் ஆர்ட்டிமீத்தர், லூமிஃபான்ட்ரின் கூட்டு மருந்தை எடுத்துக்கொள்வோம். முதலாவது சில மணி நேரத்தில் கிருமிகளை வீழ்த்திவிட்டு மறைந்துவிடும். எஞ்சியவற்றைப் பல நாள் நின்று துடைப்பது லூமிஃபான்ட்ரின். அதுவோ கொழுப்பு இல்லாமல் குடலில் கரையாது. வெறும் வயிற்றில் விழுங்கியவர் இரத்தத்தையும், பாலோடு விழுங்கியவர் இரத்தத்தையும் அளந்தபோது வேறுபாடு வெளிப்பட்டது. ஏழாம் நாளில் இரத்தத்தில் எஞ்சியிருக்கும் லூமிஃபான்ட்ரினின் அளவே, நோய் திரும்புமா திரும்பாதா என்பதற்கு நல்ல முன்னறிகுறி. காய்ச்சலில் கிடப்பவருக்கு ஒரு குவளைப் பால் கிடைக்காத வீட்டில், முழு அளவு மாத்திரையும் குறை மருந்தே.

இனிப் பெங்களூருக்குத் திரும்புவோம். இங்குள்ள தமிழர் ‘டாட்டா இன்ஸ்டிடியூட்’ என்று வழங்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற ஜி. பத்மநாபன் நெடுங்காலம் மலேரியாக் கிருமியை ஆராய்ந்தார். கிருமி தனக்கு வேண்டிய ஹீம் என்னும் பொருளைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்று 1992-இல் அவர் குழு காட்டியது. பின்னர் அவர் கவனம் நம் மஞ்சளின் பக்கம் திரும்பியது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் பொருளை ஆர்ட்டீத்தரோடு சேர்த்துக் கொடுத்தால் எலிகளில் நோய் மீண்டு வருவது தடைப்படுகிறது என்று 2006-இல் வெளியிட்டனர். மஞ்சளின் மகிமை பேசுவோர் இதைக் கேட்டு மகிழலாம். ஆயினும் இங்கும் அளவை கடிவாளம் இடுகிறது. உண்ட குர்க்குமினைக் குடலும் ஈரலும் விரைந்து மாற்றிவிடுவதால், இரத்தத்தை எட்டுவது மிகச் சொற்பம். சாம்பார் மஞ்சள் மலேரியாவைத் தீர்க்காது.

இதே நகரில் அஸ்ட்ராஜெனிக்கா நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. அதன் அறிஞர்கள் டிரையமினோபிரிமிடீன் என்னும் புதிய மருந்தினத்தைக் கண்டனர். 2014-இல் கூடம் மூடப்படும் என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. கண்டுபிடிப்பு 2015-இல் அச்சேறியபோது, மனித உடலில் இம்மருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ 36 மணி நேரம் ஆகும் என்று கணித்திருந்தனர். எந்த மனிதரும் அதை அதுவரை உண்டதில்லை. விலங்குகளின் இரத்தத்தில் அளந்ததையும் ஆய்வுக்குழாய்க் கணக்கையும் கொண்டு சொன்ன மதிப்பீடு அது.

பின்னர் அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் மருந்தை ஏற்று நடத்தியது. ஆஸ்திரேலியாவில் தொண்டர்களுக்குக் கொடுத்து இரத்தத்தை அளந்தபோது, மருந்து பாதியாகக் குறைய இரண்டு நாட்களுக்கும் மேல் பிடித்தது. பெங்களூர்க் கணிப்பைவிட நீண்ட நேரம். ஒரே வேளை மருந்தால் நோயைத் தீர்க்க விழைவோருக்கு இது நற்செய்தி. அச்சோதனையில், மலேரியா ஏற்றப்பட்ட தொண்டர் சிலரிடம் குறித்த நேரங்களில் மீண்டும் மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். அதில் ஒரு பங்கு, ராஸ் செய்தது போல, கிருமியை எண்ணுவதற்குப் போயிற்று. மற்றொரு பங்கு மருந்தை அளப்பதற்குப் போயிற்று.